குவாண்டம் புள்ளிகளைச் சூடாக்கி ஒளிர்வை அளப்பது: மலையில் வேலை செய்பவர்களுக்கு முழு வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட்டோ ஆய்வுப் படிப்போ செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குவாண்டம் புள்ளிகள் என்கிற குறைகடத்தி நானோ துகள்களின் ஒளிர்வு வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று அளப்பது பார்க்க எளிய வேலை. கரைசலைச் சூடாக்கு, ஸ்பெக்ட்ரம் எடு, கிராஃப் போடு, அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் எல்லாரும் உட்காருகிறார்கள். ஆனால் சூடாகும்போது துகள் மட்டும் மாறுவதில்லை. கரைப்பான் விரிகிறது, க்யூவெட்டில் (கரைசல் ஊற்றும் சின்னக் கண்ணாடிக் குப்பியில்) பனி படிகிறது, விளக்கு தள்ளாடுகிறது, போதாக்குறைக்கு தெர்மாமீட்டரே தப்பாகக் காட்டுகிறது. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் துகளுடைய மாற்றம். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான், இடையில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. என்ன வரப்போகிறது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்

காட்மியம் செலினைடு, இண்டியம் பாஸ்பைடு மாதிரி வழக்கமான துகள்களைச் சூடாக்கினால் மூன்று மாற்றங்கள் தெரியும். ஒளிர்வின் உச்சி சிவப்புப் பக்கம் நகரும், பட்டை அகலமாகும், வெளிச்சம் குறையும்.

உச்சி நகர்வதற்குக் காரணம் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல், ஒளிரும் நிறத்தை முடிவு செய்வது) சுருங்குவது. படிகக் கூடு கொஞ்சம் விரிகிறது, அணுக்களின் அதிர்வு எலக்ட்ரானோடு கூடுதலாக மோதுகிறது, இரண்டும் சேர்ந்து இடைவெளியைக் குறைக்கின்றன. துகளின் அளவு மாறுவதால்தான் நிறம் மாறுகிறது என்று நிறைய பேர் ரிப்போர்ட்டில் எழுதிவிடுகிறார்கள். 4 நானோமீட்டர் துகள் 40 டிகிரி சூடு ஏறும்போது விரிகிற அளவு கணக்கில் எடுக்கவே தேவையில்லாத அளவு. அதனால்தான் துகளின் சரிவு (டிகிரிக்கு இடைவெளி மாறும் அளவு) பெரிய படிகத்தின் சரிவுக்குப் பக்கத்திலேயே வருகிறது.

காட்மியம் செலினைடுக்கு அறை வெப்பநிலையை ஒட்டி ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3 மில்லி எலக்ட்ரான்வோல்ட் குறையும். 600 நானோமீட்டரில் ஒளிரும் துகளுக்கு இது டிகிரிக்கு 0.1 நானோமீட்டர் மாதிரி. அதாவது 40 டிகிரி ஏற்றினாலும் உச்சி 4 நானோமீட்டர்தான் நகரும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கிராஃபில் 20 நானோமீட்டர் நகர்ந்திருந்தால் அது வெப்பநிலையின் வேலை இல்லை, வேறு ஏதோ நடந்திருக்கிறது.

இன்னொன்று. எல்லாத் துகளும் சிவப்புப் பக்கம்தான் போகும் என்று இல்லை. சீசியம் ஈய புரோமைடு பெரோவ்ஸ்கைட் சூடானால் நீலப் பக்கம் போகும். ஈய சல்பைடு பெரிய படிகமாக இருந்தால் அதுவும் அப்படித்தான், துகள் சிறிதாகச் சிறிதாக அந்தச் சரிவு குறைந்துகொண்டே வரும். இது தெரியாமல் டேட்டாவைத் தலைகீழாகப் பதிந்துவிட்டோம் என்று பயந்து கோப்பை அழித்தவர்களும் உண்டு.

2. கையில் என்னென்ன வேண்டும்

முதல் முறைக்கு, மேலே துத்தநாக சல்பைடு ஓடு போர்த்திய காட்மியம் செலினைடு துகள்கள், டொலுயீனில் கரைத்தது. ஓடு இல்லாத துகள் சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும், எது மீளும் மாற்றம், எது மீளாத மாற்றம் என்று பிரிக்கவே முடியாது.

சொந்தமாகத் தயாரிக்கலாமா என்று கேட்பீர்கள். தண்ணீரில் ரிஃப்ளக்ஸ் செய்து (ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப விழவிட்டுக் கொதிக்க வைத்து) காட்மியம் டெல்லுரைடு தயாரிக்கலாம், ஆனால் சமவெளிக்காரர்கள் எழுதிய 100 டிகிரி செய்முறை இங்கே அப்படியே ஓடாது. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் ஏறாது. வளர்ச்சி மெதுவாகும். அவர்கள் சொன்ன நேரத்தில் நிறுத்தினால் அவர்கள் சொன்ன நிறம் வராது. நேரத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

மற்றவை: ஃபுளோரிமீட்டர் (ஒளிர்வின் ஸ்பெக்ட்ரம் எடுக்கும் கருவி), அதில் பொருந்துகிற சூடும் குளிரும் செய்யும் க்யூவெட் தாங்கி (மின்சாரத்தாலேயே சூடும் குளிரும் தரும் பெல்டியர் வகையோ, தண்ணீர் சுற்றும் வகையோ), இறுக்கமான டெஃப்லான் மூடி போட்ட க்யூவெட், சின்ன காந்தக் கலக்கி, மெல்லிய தெர்மோகப்பிள் அல்லது பிளாட்டினம் சென்சார், உலர்ந்த நைட்ரஜன் சிலிண்டர், யூபிஎஸ். கடைசியில் சொன்னதை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் கரண்ட் ஒரு நொடி போனாலும் செனான் விளக்கு அணைந்துவிடும், ஆறவிட்டுத்தான் மறுபடி ஏற்ற வேண்டும், ஏற்றிய பிறகு அதன் வெளிச்சம் பழைய அளவில் இருக்காது.

மூடியும் லேபிளும் உள்ள கழிவு பாட்டில் ஒன்றையும் முதலிலேயே மேசையில் வைத்துவிடுங்கள். காட்மியம் உள்ள எதுவும் சிங்க்கில் போகக் கூடாது, கழுவிய முதல் டொலுயீனும் சேர்த்துத்தான். ஊட்டி, குன்னூர் பக்கம் ஓடுகிற சாக்கடை கடைசியில் மோயாற்றிலோ பவானியிலோதான் போய்ச் சேரும்.

3. தெர்மாமீட்டரைச் சரிபாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான், அதுவும் மலைக்கே உரிய சறுக்கல். சென்சாரைச் சரிபார்க்கப் பாடப்புத்தகம் சொல்கிற வழி உருகும் பனிக்கட்டியில் 0, கொதிக்கும் தண்ணீரில் 100. மாணவர் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து சென்சாரை முக்குகிறார், 92.5 காட்டுகிறது. உடனே சென்சார் கெட்டுவிட்டது என்று மென்பொருளில் 100 ஆகத் திருத்திவிடுகிறார். அதோடு சரியாக இருந்த சென்சார் கெட்டது! 60 டிகிரி என்று அவர் எழுதப்போகும் இடத்தில் உண்மையில் 55.5 தான் இருக்கும்.

ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் மாதிரி, கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 92.5 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். கொடைக்கானலில் 93 பக்கம், குன்னூரில் 94 பக்கம். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். 0 டிகிரிக்கு உருகும் பனிக்கட்டியை நம்பலாம், அழுத்தம் அதை அசைக்காது. பனிக்கட்டியைப் பொடியாக உடைத்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு, கலக்கிக்கொண்டே பாருங்கள். மேல் புள்ளிக்குக் கொதிநீரைப் பயன்படுத்துவதாக இருந்தால் அன்றைய அழுத்தத்தைப் பாரோமீட்டரில் பார்த்து, அதற்குரிய கொதிநிலையை அட்டவணையில் எடுங்கள். செல்போன் வானிலைச் செயலி காட்டுகிற அழுத்தம் உதவாது, அது கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்வது.

அடுத்து, தாங்கியின் திரை காட்டும் எண்ணுக்கும் கரைசலின் உள்ளே இருக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம். தாங்கி அடியிலும் பக்கத்திலும்தான் சூடாக்குகிறது, மூடிப் பக்கம் அறைக் காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. ஜனவரியில் அறையே 12 டிகிரியில் இருக்கும்போது தாங்கி 60 என்று காட்டினால் உள்ளே அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். க்யூவெட்டில் வெறும் டொலுயீன் ஊற்றி, சென்சாரை ஒளிக்கற்றை போகும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, கலக்கியை ஓடவிட்டு, 10 முதல் 60 வரை ஐந்து டிகிரிக்கு ஒருமுறை திரை எண்ணையும் உள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். இனி கிராஃபில் போடுவது உள் எண்ணை மட்டும். கோடையில் போட்ட அட்டவணையைக் குளிர்காலத்தில் எடுக்காதீர்கள், அறை மாறினால் வித்தியாசமும் மாறும்.

4. கரைசலை நீர்த்துக்கொள்ளுங்கள்

கிளர்வு அலைநீளத்தில் (துகளை ஒளிரவைக்க நாம் பாய்ச்சும் ஒளியின் அலைநீளத்தில்) உட்கவர்திறன் 0.1-ஐத் தாண்டக் கூடாது, 0.05 என்றால் இன்னும் நிம்மதி. கெட்டியாக இருந்தால் ஒரு துகள் விட்ட ஒளியை இன்னொரு துகள் விழுங்கும், அதுவும் நீலப் பக்கத்தை மட்டும் விழுங்கும். அதனால் உச்சி தானாகவே சிவப்புப் பக்கம் தள்ளித் தெரியும், அது வெப்பநிலை நகர்வோடு கலந்துவிடும். பளபளவென்று கண்ணுக்கு அழகாகத் தெரிகிற கரைசல் பெரும்பாலும் அளப்பதற்கு ஆகாது.

க்யூவெட்டை முழுக்க நிரப்பாதீர்கள். டொலுயீன் 40 டிகிரிக்கு 4 சதவீதத்துக்கு மேல் விரியும், இடம் இல்லாவிட்டால் மூடியைத் தள்ளும். அதன் கொதிநிலையும் சமவெளியில் 110.6 என்றால் இங்கே 101 பக்கம். அளக்கும்போது 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம், இதுவும் அதற்கு ஒரு காரணம்.

5. கருவியைத் தயார் செய்யுங்கள்

விளக்கைப் போட்டு அரை மணி, முக்கால் மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த அறையில் இன்னும் கொஞ்சம் கூட.

கிளர்வுக்கு 480 நானோமீட்டர் வைத்தால் சாதாரணக் கண்ணாடி க்யூவெட்டே போதும், பிறகு சொல்லப்போகும் ரோடமின் சாயத்தையும் அதே அலைநீளத்தில் கிளர்த்தலாம். புற ஊதாவில் கிளர்த்தினால்தான் நல்லது என்று 300 வைக்கிறவர்கள் உண்டு. ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கிரேட்டிங்கின் இரண்டாம் வரிசையில் (ஒவ்வொரு அலைநீளமும் இரு மடங்கு இடத்திலும் தெரிவது) அந்த 300 அப்படியே 600-இல் வந்து நிற்கும், சரியாக உங்கள் துகளின் உச்சிமேல். அது சூட்டுக்கு அசையாது, ஆகவே உங்கள் உச்சியும் அசையாதது போலத் தெரியும். 300 வைத்தே தீர வேண்டும் என்றால் ஒளிர்வுப் பக்கத்தில் தடுப்பு ஃபில்டர் போடுங்கள்.

ஒளிர்வு ஸ்லிட் 1 அல்லது 2 நானோமீட்டர், அளவுப் புள்ளிகள் 0.5 நானோமீட்டருக்கு ஒன்று. மொத்த நகர்வே 4 நானோமீட்டர் என்னும்போது 5 நானோமீட்டர் ஸ்லிட் வைத்து வேலை இல்லை.

6. பனி படியாமல் பாருங்கள்

சென்னையில் ஏசி அறையில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை இந்த அளவுக்குத் தெரியாது. ஜூலை சாரலில் அறை 18 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வையுங்கள், பனிநிலை 16 டிகிரியைத் தொட்டுவிடும். அதாவது க்யூவெட்டை அறையைவிட வெறும் இரண்டு டிகிரி குளிர்வித்தாலே சுவரில் ஈரம் படிய ஆரம்பிக்கும். முதலில் கண்ணுக்கே தெரியாது. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் கீழ் விளிம்பில் மங்கலாக ஒரு படலம், அப்புறம் கொஞ்ச நேரத்தில் அது சின்னச் சின்ன முத்தாகத் திரண்டு ஒளிக்கற்றை நுழையும் இடத்தில் வழியும்.

கிராஃபில் இது எப்படித் தெரியும்? குளிர்வித்தால் வெளிச்சம் கூட வேண்டும், இங்கே குறையும். உடனே குறைந்த வெப்பநிலையில் பொறி நிலைகள் (எலக்ட்ரானைப் பிடித்து ஒளிர்வைக் கெடுக்கும் குறைபாடுகள்) செயல்படுகின்றன என்று ஒரு பத்தி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். உச்சியும் அகலமும் ஒழுங்காக நகர்ந்து வெளிச்சம் மட்டும் விழுந்திருந்தால் முதலில் க்யூவெட்டை வெளியே எடுத்துத் துடைத்துப் பாருங்கள்.

தீர்வு, அறையைவிடக் கீழே போகும் முன்பே உலர் நைட்ரஜனை மெதுவாகத் தாங்கியின் உள்ளே விடுவது. பனி படிந்த பிறகு விட்டால் காய நேரம் பிடிக்கும், அதுவரை தாங்கியின் வெப்பநிலையும் ஆடிக்கொண்டிருக்கும். சிலிண்டர் இல்லாவிட்டால் சாரல் மாதங்களில் அறை வெப்பநிலைக்கு மேலே மட்டும் அளந்துகொண்டு, கீழ்ப் பகுதியை ஈரம் குறைந்த நாளில் வைத்துக்கொள்ளலாம். மேசையில் சிலிக்கா ஜெல் டப்பாவைத் திறந்து வைப்பதால் ஒன்றும் ஆகாது, பலர் வைக்கிறார்கள்.

7. முதலில் துகள் வேண்டாம், ரோடமின் 6ஜி

முழு ஓட்டத்தையும் ஒருமுறை ரோடமின் 6ஜி எத்தனால் கரைசலை வைத்துச் செய்யுங்கள். இதன் ஒளிர்வுத் திறன் வெப்பநிலையோடு அவ்வளவாக மாறாது, எத்தனால் விரிகிற அளவும் டொலுயீனுக்குப் பக்கத்தில்தான். அதனால் ரோடமினில் தெரிகிற சரிவு பெரும்பாலும் கரைப்பானும் கருவியும் செய்வது. துகளின் வெளிச்சத்தை அதே வெப்பநிலையின் ரோடமின் வெளிச்சத்தால் வகுத்தால் அந்தப் பங்கு போய்விடும்.

அலமாரியில் ரோடமின் பி-தான் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதானே என்று எடுக்க வேண்டாம். ரோடமின் பி சூட்டில் வெகுவாக மங்கும், வெப்பநிலை அளக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் வகுத்தால் உங்கள் துகள் சூட்டில் பிரகாசமாவது போல ஒரு அற்புதம் கிடைக்கும்.

8. அளக்கும் வரிசை: ஏறு, இறங்கு, அப்புறம் மறுபடி பார்

இதுதான் மொத்த வேலையின் நடு. 20 டிகிரியில் தொடங்குங்கள். 5 டிகிரிக்கு ஒன்றாக 60 வரை ஏறுங்கள். அதே புள்ளிகள் வழியாக 20-க்கு இறங்குங்கள். பிறகுதான் நைட்ரஜனை விட்டு 10 வரை கீழே போய் மறுபடி 20.

ஏன் இப்படி? சூட்டில் இரண்டு வகை மாற்றம் நடக்கிறது. ஒன்று, சூடு இருக்கும்வரை இருந்து ஆறினால் திரும்பிவிடுவது. நாம் அளக்க வந்தது அதைத்தான். இன்னொன்று, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள் கழன்று போவது, ஆக்சிஜன் தின்பது, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. இவை திரும்பாது. ஏறும்போது மட்டும் அளந்தால் இரண்டும் ஒரே கோட்டில் கலந்துதான் வரும், எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. இறங்கி வந்து 20-இல் எடுக்கிற ஸ்பெக்ட்ரம் முதலில் எடுத்ததன்மேல் அப்படியே படிய வேண்டும். உச்சி 0.5 நானோமீட்டருக்குள்ளும் வெளிச்சம் சில சதவீதத்துக்குள்ளும் திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் அந்த ஓட்டத்தை மீளும் மாற்றமாக எழுத முடியாது. புதுக் கரைசல் எடுத்து 50-உடன் நிறுத்திப் பாருங்கள்.

ஒவ்வொரு புள்ளியிலும் திரை எண் நின்ற பிறகு பத்து நிமிடமாவது காத்திருங்கள், கலக்கி ஓடட்டும். உலோகத் தாங்கி சட்டென்று சூடாகிவிடும், உள்ளே இருக்கும் திரவம் பின்தங்கித்தான் வரும். அவசரப்பட்டால் ஏறும் கோடும் இறங்கும் கோடும் கண்ணிபோலப் பிரிந்து நிற்கும், அதைப் பார்த்துவிட்டு துகளுக்கு நினைவாற்றல் இருக்கிறது என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிடுவார்கள்.

காத்திருக்கும் நேரம் முழுக்க கிளர்வு ஒளியின் ஷட்டரை மூடி வையுங்கள். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் சில துகள்கள் தாமாகவே பிரகாசமாகும், சில மங்கும். அளக்கிற நேரத்துக்கு மட்டும் திறப்பது போதும்.

முடிந்தால் ஒவ்வொரு வெப்பநிலையிலும் உட்கவர்தல் ஸ்பெக்ட்ரமும் எடுங்கள். ஒளிர்வு நகர்ந்த அளவு உட்கவர்தல் உச்சியும் நகர்ந்திருந்தால் துகளின் ஆற்றல் இடைவெளிதான் நகர்ந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

9. கணக்கு

எலக்ட்ரான்வோல்ட் வேண்டுமானால் 1239.84-ஐ நானோமீட்டரால் வகுங்கள். உதாரணத்துக்கு 20 டிகிரியில் உச்சி 600.0 என்றால் 2.0664. 60 டிகிரியில் 603.8 என்றால் 2.0534. வித்தியாசம் 13 மில்லி எலக்ட்ரான்வோல்ட், 40 டிகிரியால் வகுத்தால் டிகிரிக்கு 0.325 குறைகிறது. எதிர்பார்த்த இடத்தில்தான் இருக்கிறது.

உச்சியை எடுக்கும்போது அதிக எண் உள்ள புள்ளியைச் சுட்டிக்காட்டி எழுதாதீர்கள், இரைச்சல் அதை இங்கும் அங்கும் தள்ளும். உச்சியைச் சுற்றியுள்ள பகுதிக்கு ஒரு காஸியன் வளைவு பொருத்தி அதன் நடுவை எடுங்கள். அகலத்தை ஆற்றல் அச்சில் எடுப்பதானால் ஒவ்வொரு புள்ளியின் ஒளிச்செறிவையும் அலைநீளத்தின் வர்க்கத்தால் பெருக்கிய பிறகே எடுக்க வேண்டும். அலைநீள அச்சில் சமமாக இருக்கும் இடைவெளி ஆற்றல் அச்சில் சமமாக இருக்காது, அதைச் சரிக்கட்டத்தான் இந்தப் பெருக்கல்.

அப்புறம் வர்ஷ்னி சமன்பாடு. 1967-இல் வந்தது, இடைவெளி வெப்பநிலையோடு எப்படிக் குறைகிறது என்பதை இரண்டு மாறிலிகளால் சொல்வது. எல்லாருக்கும் அதைப் பொருத்த ஆசை. 10 முதல் 60 வரை மட்டும் அளந்தவர்கள் பொருத்தக் கூடாது என்பது என் கட்சி. அந்தச் சின்ன இடைவெளியில் வளைவு கிட்டத்தட்ட நேர்கோடு. ஒரு மாறிலியை எவ்வளவு ஏற்றினாலும் இன்னொன்று ஈடுகட்டிக்கொள்ளும், கணினி ஏதோ ஒரு ஜோடியைக் கொடுக்கும், அதற்கு அர்த்தம் இல்லை. சரிவு ஒன்றை மட்டும் பிழை எல்லையோடு எழுதுங்கள். வெளிச்சம் குறைவதிலிருந்து கிளர்வாற்றல் (ஒளிர்வை மங்கச் செய்யும் நிகழ்வு தாண்ட வேண்டிய ஆற்றல்) எடுப்பதற்கும் இதே பேச்சுதான்.

10. வர்ஷ்னி வேண்டும் என்றால் திரவ நைட்ரஜன்

இதற்கு கிரையோஸ்டாட் (வெற்றிடத்தில் மாதிரியைக் கடும் குளிரில் வைக்கும் கலம்) வேண்டும், கரைசல் ஆகாது. டொலுயீன் மைனஸ் 95 டிகிரியில் உறைந்து ஒளியைச் சிதறடிக்கும். துகள்களை பிஎம்எம்ஏ என்னும் தெளிவான பாலிமரில் தாராளமாக நீர்த்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக ஊற்றிக்கொள்ளுங்கள். வெறும் துகளைச் சொட்டு விட்டுக் காயவைத்தால் துகள்கள் நெருங்கி உட்கார்ந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றல் தாவும், உச்சி ஆரம்பத்திலேயே சிவப்பில் இருக்கும்.

நைட்ரஜன் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வருவதாக இருந்தால் டியூவரின் (திரவ நைட்ரஜன் கொண்டுவரும் குடுவையின்) தளர்வான மூடியை வழியில் சிந்துகிறதே என்று இறுக்கி அடைக்க யாரையும் விடாதீர்கள், அழுத்தம் ஏறினால் வெடிக்கும். மூடிய காரில் ஏற்றவே கூடாது. ஒரு லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாகி ஆக்சிஜனைத் தள்ளிவிடும்.

சென்சாரை நைட்ரஜனில் நேரடியாக முக்கிப் பார்த்தால் ஊட்டியில் 77 கெல்வின் வராது, 75 வரும். தண்ணீருக்கு நடந்ததேதான் இதற்கும், அழுத்தம் குறைவு, கொதிநிலை குறைவு. 77-க்குத் திருத்தாதீர்கள்.

குளிர்விக்கும் முன் வெற்றிடம், அப்புறம்தான் நைட்ரஜன். மாற்றிச் செய்தால் உள்ளே இருக்கும் ஈரம் முழுவதும் படலத்தின்மேல் பனிக்கட்டியாக உட்காரும். 15, 20 கெல்வினுக்கு ஒரு புள்ளியாக 300 வரை ஏறிக்கொண்டே அளவெடுங்கள். இவ்வளவு நீளம் கிடைத்தால் வர்ஷ்னி மாறிலிகளுக்கு அர்த்தம் வரும். 300-ஐத் தொட்டதும் அவசரமாக வால்வைத் திறக்காதீர்கள், சென்சார் அறை வெப்பநிலை காட்டினாலும் உள் கவசம் இன்னும் குளிர்ந்தே இருக்கும். ஒரு மணி நேரம் விட்டு, உலர் நைட்ரஜன் வாயுவை நிரப்பி, பிறகு திறங்கள்.